மீட்டர்காரர் தாங்கும்னு சொன்ன சப்ளை

என் வீட்டுக்காரருக்குன்னு ஒரு நல்ல பேரு இருக்கு. ஆனா அது கல்யாணப் பத்திரிகையிலயும் கரண்டு பில்லுலயும்தான் இருக்கு. மத்தபடி கடைத்தெரு முழுக்க அவரு மீட்டர்காரருதான். சட்டைப் பையில பேனா இருக்கோ இல்லையோ, கறுப்பு ஒண்ணு சிவப்பு ஒண்ணுன்னு ரெண்டு ஒயர் தொங்க ஒரு மீட்டர் இருக்கும். கல்யாணம் ஆன புதுசுல எங்கம்மா வீட்டுக்குப் போனோம். எங்கப்பா காபியைக் கையில குடுத்து, "உக்காருங்க மாப்பிள்ளை"ன்னா, இவரு காபியைக் கீழ வெச்சுட்டு, சுவத்துல இருந்த பிளக்குல ரெண்டு கம்பியையும் விட்டுப் பாத்துட்டு, "மாமா, உங்க வீட்டுல எர்த் சரியில்ல"ன்னாரு. எங்கப்பா என்னைப் பாத்த பார்வை இருக்கே! ஆனா மறுநாளே அந்த எர்த்தைச் சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் மனுஷன் கிளம்பினாரு. அதையும் சொல்லணும் இல்லையா.

அவரோட கடை ஒரு மூணு மாடிக் கட்டடத்துல படிக்கட்டுக்குக் கீழ இருக்கு. நிமிந்து நின்னா தலை இடிக்கும். அங்க அவரு பாக்கறது ஒரே ஒரு வேலை. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு இரும்பு டப்பா இருக்கும் பாருங்க, சுவத்துல இருந்து வர்ற கரண்டை வாங்கி, உள்ள இருக்கற ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு வேணுமோ அவ்வளவு பிரிச்சுக் குடுக்கும், அதைச் சப்ளைன்னு சொல்லுவாங்க. அந்தச் சப்ளையை ரிப்பேர் பண்ணுவாரு. ரேடியோ கொண்டு வந்தா பக்கத்துக் கடையைக் காட்டிடுவாரு. செத்துப் போச்சுன்னு எல்லாரும் கை விரிச்ச சப்ளையைப் பிரிச்சு, உப்பிப் போன கெப்பாசிட்டரை எடுத்துட்டு வேற வெச்சு, ஃபேனுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஓட வெச்சுடுவாரு.

சரி பண்ணினதை அப்படியே தூக்கிக் குடுத்துட மாட்டாரு. ஒரு பலகையில கார் ஹெட்லைட் பல்பு எட்டு பொருத்தி வெச்சிருக்காரு. ஒவ்வொண்ணும் அம்பத்தஞ்சு வாட்ஸ். சப்ளையை அதுல மாட்டி, முதல் பல்பைப் போடுவாரு. மீட்டரைப் பாப்பாரு. ரெண்டாவதைப் போடுவாரு. திரும்ப மீட்டரைப் பாப்பாரு. அப்படியே எட்டாவது பல்பு வரைக்கும். எட்டும் எரிஞ்சா அந்தப் படிக்கட்டுக் கீழ கண்ணு கூசும், வேர்த்துக் கொட்டும். அரை மணி நேரம் அந்த வெக்கையில உக்காந்திருப்பாரு. அப்புறம்தான் வாய் திறந்து, "தாங்கும்"னு சொல்லுவாரு. அவரு தாங்கும்னு சொன்னா தாங்கும். அதுல மாத்துக் கருத்தே கிடையாது.

இன்னொரு விஷயம். "இது சரிப்படாது, புதுசு வாங்கிக்கோங்க"ங்கற வார்த்தை அவரு வாயில இருந்து ஒரு நாளும் வந்ததில்ல. மத்த கடையில முதல் வார்த்தையே அதுதான். அதனாலதான் புதுசு வாங்க வழியில்லாத ஜனம் அவருகிட்ட போகும். இது அவருக்குப் பெருமை. பெருமைன்னா சாதாரணப் பெருமை இல்ல. ஒரு தடவை எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டி நாலாவது முறையா கெட்டுப்போச்சு. நான் சத்தம் போடாம அதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். ஒன்பது நாள் எங்கிட்ட பேசலங்க! தண்ணி வேணும்னா கூட பொண்ணுகிட்ட சொல்லி, பொண்ணு எங்கிட்ட சொல்லி, நான் பொண்ணுகிட்ட குடுத்து. மூணு பேரும் ஒரே அறைக்குள்ள இருந்துக்கிட்டு. பத்தாவது நாள் நானே, "யோவ், போதும்யா"ன்னு கத்தினதுக்கு அப்புறம்தான் மலை இறங்கினாரு.

கத்தறதுன்னா எனக்குக் கை வந்த கலை. ஸ்கூல் பஸ்ஸுல பிள்ளைங்களை ஏத்தி இறக்கற வேலை எனக்கு. காலையில போனா ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்துடுவேன், மறுபடி ரெண்டரைக்குக் கிளம்பணும். நாப்பது பிள்ளைங்களை ஒரே அதட்டல்ல உக்கார வெச்சுடுவேன். வீட்டுல மட்டும் என்ன வாழுதுன்னு கேக்காதீங்க.

எங்களுக்கு ஒரே பொண்ணு. இருபத்தி நாலு வயசு ஆகுது, இன்னும் பாப்பான்னுதான் கூப்பிடறோம். கட்டடம் வரையற படிப்பு படிச்சா. அதிகம் பேச மாட்டா, என் வயித்துல பொறந்தவளான்னு எனக்கே சந்தேகம் வரும். ரெண்டு வருஷத்துல மூணு இடத்துக்கு நேர்ல போயிப் பேசிட்டு வந்தா, மூணுலயும், "அப்புறம் சொல்றோம்"னு அனுப்பிட்டாங்க. நல்லா வேலை செய்வா, ஆனா நாலு பேரு முன்னாடி வாயைத் திறக்கச் சொன்னா வேர்த்துடும். எனக்கு அந்தக் கவலைதான் ராத்திரியும் பகலும்.

அப்பதான் வேற ஊருல இருந்து ஒரு கம்பெனிக்காரங்க, அவ இன்டர்நெட்டுல போட்டு வெச்சிருந்த படங்களைப் பாத்துட்டு எழுதினாங்க. இன்னும் கட்டாத கட்டடத்துக்குள்ள ஒருத்தர் நடந்து போனா எப்படி இருக்குமோ, அதை நிஜம் மாதிரியே கம்ப்யூட்டர்ல படமாக்கிக் குடுக்கற வேலை. வீட்டுல இருந்தே பண்ணலாம். யாரு முன்னாடியும் போயி நிக்க வேண்டாம். அவளுக்குன்னே யாரோ செஞ்சு வெச்ச மாதிரி ஒரு வேலை! ஆனா முதல்ல ஒரு பரீட்சை. ஒரு ஆஸ்பத்திரி, வாசல்ல இருந்து கடைசி அறை வரைக்கும், ரெண்டு நிமிஷப் படம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பணும். அனுப்பினா, நல்லா இருந்தா, வேலை. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துப்பாங்க. அதுக்குன்னு அவங்களே, படம் வரையறதுக்குன்னே கம்ப்யூட்டருக்குள்ள மாட்டற ஒரு புது கிராபிக்ஸ் கார்டை பார்சல்ல அனுப்பி வெச்சாங்க. பரீட்சை முடிஞ்சதும் வேலை கிடைச்சா வெச்சுக்கலாம், இல்லேன்னா திருப்பி அனுப்பணும்.

சனிக்கிழமை பார்சல் வந்துச்சு. கார்டுன்னா ஏதோ அட்டை மாதிரி இருக்கும்னு பாத்தா, செங்கல் கணக்கா மூணு ஃபேனோட இருக்கு. பாப்பா பெட்டியில போட்டிருந்ததை ரெண்டு தடவை படிச்சா. அப்புறம் மெதுவா, "அப்பா, நம்ம சப்ளைக்குப் பதினோரு வயசு ஆயிடுச்சு. இதுக்கு வேற ஒண்ணு வாங்கிடலாமா?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான். அவரு முகத்துல ஈயாடல. அந்தச் சப்ளையை அவரே ரெண்டு தடவை பிரிச்சு எல்லாத்தையும் மாத்திக் கட்டினது. "ஏம்மா? ஐநூறு வாட்ஸ் சப்ளை. எட்டு பல்பு எரியும். இந்தக் கார்டுக்கு என்ன போட்டிருக்கான்? இருநூத்தி இருபது வாட்ஸ். மத்ததெல்லாம் சேத்தாலும் ஏழு பல்பைத் தாண்டாது. தாங்கும்"னாரு. பாப்பா பெட்டியை மூடி வெச்சா. நானும், பெரிய புத்திசாலி மாதிரி, "அதான் அப்பா சொல்றாரே"ன்னேன். என் வாயில கொள்ளிக்கட்டையை வெக்க.

ஞாயித்துக்கிழமை அவரே மாட்டிக் குடுத்தாரு. திங்கக்கிழமை பத்து மணிக்கு வேலையை ஆரம்பிச்சா. ரெண்டு நிமிஷப் படம்னா மூவாயிரம் தனித்தனிப் படமாம். ஒவ்வொண்ணையும் கம்ப்யூட்டர் உக்காந்து வரையணும், ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம். நான் அடுப்படியில இருக்கேன், டப்புன்னு ஒரு சத்தம். எட்டிப் பாத்தா திரையெல்லாம் இருட்டு. மறுபடி போட்டா. ஏழு நிமிஷம் ஓடிச்சு, மறுபடி டப். மூணாவது தடவை மூணு நிமிஷம் கூடத் தாங்கல.

மனுஷன் கடையைப் போட்டுட்டு ஓடி வந்தாரு. தூசின்னாரு, ஊதி விட்டாரு. வெக்கைன்னாரு, டேபிள் ஃபேனைக் கொண்டு வந்து கேபினட்டுக்கு நேரா வெச்சாரு. சுவத்துல பிளக் லூஸுன்னாரு, அதைக் கழட்டி மாட்டினாரு. கம்பெனிக்காரன் அனுப்பின கார்டே கோளாறுன்னாரு. சப்ளையைக் கழட்டிக் கடைக்குத் தூக்கிட்டுப் போயி, பலகையில மாட்டி, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எட்டு பல்பையும் எரிய விட்டு, ஒரு மணி நேரம் பாத்துட்டுத் திரும்பக் கொண்டு வந்தாரு. "சப்ளை மேல ஒரு குறையும் இல்ல. சத்தியமா இல்ல பாப்பா"ன்னாரு. திரும்ப மாட்டினாங்க. அஞ்சு நிமிஷத்துல டப்.

அன்னிக்கு சாயங்காலம் அவரு சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு, வாய்க்குப் போகல. "எட்டு பல்பு எரியுது, ஒரு கார்டு ஓட மாட்டேங்குது"ன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டாரு. பாப்பா அவரையே பாத்துக்கிட்டு இருந்தா.

செவ்வாக்கிழமை காலையில நான் பஸ் வேலை முடிச்சுட்டு வந்தா, கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கு. பத்து நிமிஷம் ஆச்சு, அரை மணி ஆச்சு, நிக்கல. "என்ன பண்ணினே?"ன்னு கேட்டதுக்கு, "ஏதோ செட்டிங்ஸ்மா, சரியாயிடுச்சு"ன்னா. அப்பாவுக்கு போன் பண்ணினா. வந்தாரு. அவரு முகம் இருந்ததைப் பாக்கணுமே! மறு பிறவி எடுத்த மாதிரி. கடையில இருந்து இடுக்கி மாதிரி ஒரு மீட்டர் கொண்டு வந்திருந்தாரு, ஒயரைச் சுத்திப் பிடிச்சாலே எவ்வளவு கரண்டு போகுதுன்னு சொல்லிடும். கார்டுக்குப் போற ஒயர்ல மாட்டிப் பாத்துட்டு, "அடேயப்பா! நூறு வாட்ஸ்தான் இழுக்குது! பெட்டியில இருநூத்தி இருபதுன்னு போட்டு ஊரையே பயமுறுத்தி வெச்சிருக்கான். சும்மா புதுச் சப்ளை விக்கறதுக்காகப் பண்ற வேலை இது"ன்னு துள்ளினாரு. போறப்ப என்னைப் பாத்து, "தாங்குதா? தாங்குதா இல்லையா?"ன்னு வேற. நானும் பூரிச்சுப் போயி நின்னேன்.

புதன்கிழமை மத்தியானம், பாப்பா ஒரு நோட்டுல என்னமோ கூட்டிக் கழிச்சு எழுதிக்கிட்டு இருந்தா. நான் துணி மடிச்சுக்கிட்டே, "எவ்வளவு முடிஞ்சுது?"ன்னேன். "எழுநூத்தி எண்பது"ன்னா. எனக்குக் கணக்கு வராதுதான், ஆனா தினம் நாப்பது தலையை எண்ணறவ நான். "ஏன்டி, ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம்னே. நேத்துக் காலையில இருந்து ஓடுது. இந்நேரம் இதைப் போல ரெண்டு பங்கு ஆயிருக்கணுமே?"

அவ பேனாவை மூடினா. திறந்தா. திரும்ப மூடினா.

"எங்கிட்டயே காது குத்தாதே. சொல்லு."

சொன்னா. அந்தக் கார்டு முழு வேகத்துல ஓடினா சப்ளை தாங்கலயாம். அதனால கார்டோட வேகத்தைப் பாதியாக் குறைச்சு வெச்சுட்டாளாம். ஒரு பொத்தானை அமுக்கற வேலைதான். அதான் கரண்டும் பாதி இழுக்குது, அதான் டப்புன்னு நிக்கல. ஒரு படத்துக்கு ரெண்டு நிமிஷம் ஆகுது. இந்த வேகத்துல போனா எல்லாம் முடியறப்ப சனிக்கிழமை மத்தியானம் ஆயிடும்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம்தானேடி குடுக்கணும்?"

"கடைசி அறையைக் காட்டாம அனுப்பிடறேன்மா. அது வரைக்கும் முடிஞ்சுடும்."

"கடைசி அறை இல்லாம அனுப்பினா வேலை குடுப்பாங்களா?"

அவ நோட்டை மூடி வெச்சுட்டு, "திங்கக்கிழமை அப்பா சாப்பிடவே இல்லம்மா. நீ பாத்தே இல்ல? அவருகிட்ட சொல்லிடாதே. எனக்கு இது இல்லேன்னா வேற வேலை வரும்"னா.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம், அது யாரு மேலன்னு எனக்கே தெரியல. ரெண்டு வருஷம் காத்துக் கிடந்து கிடைச்ச ஒண்ணு. அதையும் அப்பா மனசு நோகக் கூடாதுன்னு பாதியாக் குறைச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கா என் பொண்ணு! மடிச்ச துணியை அப்படியே போட்டுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு, நேரா கடைக்குப் போனேன்.

கடையில ஒரு ஆளு நின்னுக்கிட்டு இருந்தாரு, போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்கறவரு. இவரு அவருகிட்ட, "என் வீட்டுலயே அளந்து பாத்தேன் தம்பி. பெட்டியில போட்டிருக்கறதுல பாதிதான் இழுக்குது. நீங்க தைரியமா புதுக் கார்டு வாங்குங்க, இந்தப் பழைய சப்ளையே தாங்கும்"னு அடிச்சுச் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

"யோவ்!"னேன். ஸ்டூடியோக்காரர் ரெண்டடி தள்ளிப் போயி நின்னுட்டாரு. "தாங்கலய்யா! உன் சப்ளை தாங்கல! நீ வருத்தப்படுவியேன்னு உன் பொண்ணு கார்டோட வேகத்தைப் பாதியாக் குறைச்சு வெச்சிருக்கா. படம் வெள்ளிக்கிழமை முடியாது. வேலை போகப் போகுது. நீ இங்க நின்னு ஊருக்கு உபதேசம் பண்றே!"

சொல்லி முடிச்சதும்தான், மூணாவது மனுஷன் முன்னாடி சொல்லிட்டோமேன்னு நாக்கைக் கடிச்சேன். அவரு கையில இருந்த திருப்புளியைக் கீழ வெச்சாரு. ஸ்டூடியோக்காரர்கிட்ட, "தம்பி, இன்னிக்கு எதுவும் வாங்கிடாதீங்க. நான் உங்களுக்கு போன் பண்றேன்"னாரு. இடுக்கி மீட்டரை எடுத்துக்கிட்டாரு, கடையைச் சாத்தினாரு. வீடு வர்ற வரைக்கும் எனக்கு முன்னாடியே நடந்தாரு. ஆத்திரத்துல கொட்டிட்டேனே, மனுஷனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு எனக்குப் பயமாயிடுச்சு.

வீட்டுக்குள்ள வந்ததும், "பாப்பா, குறைச்சு வெச்சதை எடுத்துடு. முழு வேகத்துல ஓட விடு"ன்னாரு. அவ என்னை ஒரு பார்வை பாத்தா. நான் தரையைப் பாத்துக்கிட்டேன். ஓட விட்டா. அவரு மீட்டரை மாட்டிப் பாத்தாரு. பதினெட்டு ஆம்பியர். "இதுவும் எட்டு பல்பைத் தாண்டலயே. எட்டு பல்பும் எரிஞ்சுதே"ன்னாரு. குரல் உடைஞ்சு போச்சு. கண்ணு முன்னாடியே டப்புன்னு அணைஞ்சுது.

எனக்கு இந்த ஆம்பியர் எல்லாம் புரியாது. ஆனா அந்தப் பல்பைப் போடறதை இத்தனை வருஷமா பாத்திருக்கேனே. "ஏங்க, நீங்க பல்பை ஒண்ணொண்ணா போடறீங்க. என் பஸ்ஸுல நாப்பது பிள்ளைங்க ஒண்ணொண்ணா ஏறினா ஒரு பிரச்சினையும் இல்ல. நாப்பதும் ஒரே நேரத்துல படியில பாஞ்சா பஸ்ஸே ஆடும். இந்தக் கார்டு எப்படி ஏறுதுன்னு யாருக்குத் தெரியும்?"னேன். சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன்.

அவரு என்னையே பாத்தாரு. அப்புறம் அந்த மீட்டரைத் திருப்பிப் பாத்தாரு. அதுல ஓரத்துல ஒரு சின்னப் பொத்தான் இருக்கு. கண் இமைக்கிற நேரம் கரண்டு எகிறினாலும், அந்த உச்சத்தைப் பிடிச்சு வெச்சுக் காட்டுமாம். பல்பு நிதானமா எரியறது, அதுக்கு இந்தப் பொத்தான் தேவைப்பட்டதே இல்ல. அந்தப் பொத்தானை அமுக்கிட்டு, "இன்னொரு தடவை போடும்மா"ன்னாரு. நாலு நிமிஷத்துல இருட்டாச்சு. மீட்டர்ல நின்ன நம்பர் முப்பத்தெட்டு.

"பதினெட்டு எங்க, முப்பத்தெட்டு எங்க"ன்னாரு. "கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள ரெண்டு மடங்கு பிடுங்குது. பழைய சப்ளை பயந்து மூடிக்குது." நாற்காலியில உக்காந்துட்டாரு. "உனக்கு இது தெரியுமா பாப்பா?"

"படிச்சேன்பா."

"எப்ப?"

"கார்டு வர்றதுக்கு முன்னாடியே."

அவரு தலையை ஆட்டிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, "நான் சொன்னது தப்பு பாப்பா." இத்தனை வருஷக் குடித்தனத்துல அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல. பாப்பா, "பரவால்லப்பா"ன்னா. "பரவால்ல இல்ல. மணி ஒண்ணே கால். நேரம் இருக்கு"ன்னு எந்திரிச்சாரு.

மெயின் ரோட்டுல ஒரு கண்ணாடிக் கடை இருக்கு, கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் புதுசா விக்கறது. அந்தக் கடைக்காரரை இவரு பேசாத பேச்சு இல்ல. நேரா அங்க போயிருக்காரு. கடைக்காரரு பதறிப்போயி, "அண்ணே, நீங்களா? வழி தெரியாம வந்துட்டீங்களா?"ன்னு கேட்டிருக்காரு. இவரு, "இல்ல தம்பி, வாங்கத்தான் வந்தேன். உச்சத்துல எவ்வளவு தாங்கும்னு அளந்து எழுதியிருக்கறதா ஒண்ணு குடு"ன்னிருக்காரு. அந்த மனுஷன் கிண்டல் பண்ணாம, உக்கார வெச்சு, மூணு பெட்டியைப் பிரிச்சுக் காட்டியிருக்காரு. இதெல்லாம் அவரே வந்து சொன்னது. நல்ல பையன்தான்னு ஒரு சர்டிபிகேட் வேற.

ரெண்டே காலுக்கு மாட்டி முடிச்சாரு. பாப்பா அவசரத்துல, "பழைய கேபிளே நல்லா இழுத்துக் கட்டியிருக்கேப்பா, அதையே இதுல சொருகிடலாம்"னா. "தொடாதே!"ன்னு அதட்டினாரு. "சொருகறதுக்குச் சொருகும். ஆனா கம்பெனிக்குக் கம்பெனி உள்ள கம்பி இடம் மாறியிருக்கும். ஹார்ட் டிஸ்க் எரிஞ்சு இது வரைக்கும் வரைஞ்சதெல்லாம் போயிடும். அதோட கேபிள்தான் அதுக்கு." அந்த அதட்டலைக் கேட்டதும்தான் எனக்கு உசிரு வந்துச்சு. மனுஷன் பழையபடி ஆயிட்டாருன்னு நிம்மதியா பஸ்ஸுக்கு ஓடினேன். நான் போறப்ப அவரு போன்ல ஸ்டூடியோக்காரர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தாரு. "நான் உங்களுக்குச் சொன்னது தப்பு தம்பி. உங்க சப்ளை போதாது. புதுசு வாங்கிக்கோங்க." ரெண்டாவது தடவையா சொல்றப்ப கொஞ்சம் சுலபமா வந்துச்சு போல.

வெள்ளிக்கிழமை காலையில நான் பஸ் வேலை முடிச்சுட்டு வந்தப்ப மூவாயிரமும் முடிஞ்சிருந்துச்சு. பாப்பா எல்லாத்தையும் கோத்துப் படமாக்கி வெச்சிருந்தா. அனுப்பறதுக்கு முன்னாடி எங்களுக்குப் போட்டுக் காட்டினா. ஆஸ்பத்திரி வாசல், நீள வராந்தா, தரையில வெயில் விழுந்திருக்கு. கடைசி அறை குழந்தைங்க வார்டு. ஜன்னலை நல்லா கீழ இறக்கி வெச்சிருந்தா. "எதுக்குடி இவ்வளவு கீழே?"ன்னேன். "படுத்திருக்கற குழந்தைக்கும் வெளிய தெரியணும்ல"ன்னா. அந்த அறையைத்தான் வெட்டிட்டு அனுப்பப் பாத்தா, பாவி. எனக்குக் கண்ணு கலங்கி அப்புறம் ஒண்ணும் தெரியல. பத்து மணிக்கு அனுப்பினா.

அடுத்த வாரம் புதன்கிழமை பதில் வந்துச்சு. வேலை அவளுக்குத்தான். கார்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கடைசி அறையைப் பத்தி மட்டும் தனியா நாலு வரி எழுதியிருந்தாங்க. பாப்பா அதைப் படிக்கப் படிக்க எனக்குத் தரையில கால் பாவல. அவருக்கு போன் போட்டேன், கடையைச் சாத்திட்டு ஓடி வந்தாரு. அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாரு. பாப்பா தலையைத் தடவிக்கிட்டே நின்னாரு.

அப்புறம் என்ன தோணிச்சோ, "பாப்பா, ஒண்ணு கேக்கறேன். அப்பா மனசு நோகும்னு நீ பாட்டுக்குப் பாதியாக் குறைச்சு வெச்சுட்டே. சிரிச்சுக்கிட்டே நடமாடினே. நான் கண்டுபிடிக்கவே இல்ல. இப்படி ஒரு வேலை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டாரு.

அவ கண்ணு எங்கிட்ட வந்துடுச்சு. வந்ததும் சட்டுன்னு திருப்பிக்கிட்டா. அதுக்குள்ள அவரு பாத்துட்டாரு.

"அம்மாவா?"

"சும்மா இருடி"ன்னேன்.

"அம்மாவை பஸ் ஆபீஸ்ல சூப்பர்வைசரா வரச் சொன்னாங்கப்பா. பன்னெண்டு பஸ்ஸையும் பாத்துக்கற வேலை. மூணு வருஷம் ஆச்சு. மத்தியானம் நீங்க சாப்பிட வர்றப்ப வீடு பூட்டியிருந்தா உங்களுக்குப் பிடிக்காதுன்னு அம்மா வேண்டாம்னுட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

வாய்க்கு வந்தபடி பேசறவ நான், நாப்பது பிள்ளைங்களை அதட்டறவ, நடு வீட்டுல வாயடைச்சுப் போயி நின்னேன். ஏதாவது சொல்லி மழுப்பிடலாம்னு பாத்தா ஒரு வார்த்தை வரல. என் பொண்ணு எங்க கத்துக்கிட்டான்னு அந்த நிமிஷம் வரைக்கும் நான் யோசிச்சுக்கூடப் பாத்ததில்ல.

அவரு ரொம்ப நேரம் என்னைப் பாத்தாரு. கோபமெல்லாம் இல்ல. நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டாரு. தான் எதிர்ல தரையில உக்காந்துக்கிட்டாரு.

"வேற என்னல்லாம் குறைச்சு வெச்சிருக்கே?"ன்னாரு. "ஒண்ணு விடாம சொல்லு."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னேன்.

"இன்னிக்கு லேட்டாப் போ."

"எங்க இருந்து ஆரம்பிக்கறது?"

"முதல் வருஷத்துல இருந்து"ன்னாரு.